சாவியில் ஒட்டிய வெடிமருந்தை ஒளி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சாலையில் ஈப்போவுக்குப் போனால் சிம்மோர் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் கூடவே வரும். சில குன்றுகள் பாதி வெட்டுப்பட்டு வெள்ளை வெளேரென்று நிற்கும். கல்குவாரியில் வெடி வைக்கிற நாளில் பக்கத்துக் குடியிருப்பில் ஜன்னல் லேசாக அதிரும். "குவாரியில வெடி" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். அந்த வெடிமருந்து பெட்டி பெட்டியாக வருவது. 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்கிப் பயன்படுத்துவது. இங்கே நாம் பார்க்கப்போகும் அளவு வேறு.

வெடிமருந்தைக் கையாண்ட ஒருவர் கையைத் துடைத்துவிட்டு, அப்புறம் மோட்டார் சைக்கிள் சாவியைத் தொடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாவியில் எவ்வளவு ஒட்டும்? கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முதல் விரல்பதிவில் மைக்ரோகிராம் கணக்கில் துகள்கள் இருக்கலாம். அடுத்தடுத்துத் தொடத் தொட அது நானோகிராமுக்கு இறங்கிவிடும். நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. டி.என்.டி. என்ற வெடிமருந்தில் அந்த ஒரு பங்கில் உள்ள மூலக்கூறுகளோ ஏறத்தாழ 2.6 டிரில்லியன். எடை போட்டால் ஒன்றுமில்லை, எண்ணினால் ஏராளம். ஒளியை வைத்துத் தேடுகிறவர்களுக்குத் தெம்பு தருவது இந்த எண்ணிக்கைதான்.

மோப்ப நாய் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, இன்றைக்கும் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் நாய் களைத்துப் போகும், கூடவே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், என்ன மருந்தை மோந்தது என்று அதனால் சொல்ல முடியாது. விமான நிலையத்தில் கையையோ பையையோ ஒரு துணித் துண்டால் துடைத்துக் கருவிக்குள் செருகுகிறார்களே, அது பெரும்பாலும் அயனிகள் காற்றில் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்று பார்க்கும் முறை. துண்டைச் சூடாக்கி, கிளம்பும் ஆவிக்கு மின்னூட்டம் கொடுத்து, ஒரு குழாயில் ஓடவிட்டு நேரத்தை அளப்பார்கள். பழகிய, வேகமான முறை. ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜி.டி.என். மாத்திரையும் அதை அலற வைக்கும். அந்த மாத்திரையில் இருப்பது நைட்ரோகிளிசரின்தான், டைனமைட்டில் இருந்த அதே பொருள்.

நாய்க்கும் கருவிக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. வெடிமருந்துகளில் பல எளிதில் ஆவியாவதில்லை. 25 டிகிரி வெப்பத்தில் டி.என்.டி.க்குப் பக்கத்தில் உள்ள காற்றில் நூறு கோடி மூலக்கூறுக்குச் சில மூலக்கூறுகள்தான் டி.என்.டி.யாக இருக்கும். ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிமருந்து இன்னும் மோசம், லட்சம் கோடிக்குச் சில. வெப்பம் 5 டிகிரி கூடினால் டி.என்.டி.யின் ஆவி ஏறத்தாழ இரட்டிக்கும். பகல் 33 டிகிரி அடிக்கிற நம்மூர் வெயில் அந்த வகையில் உதவிதான். என்ன, அதே வெயிலோடு வருகிற ஈரப்பதம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

சரி, நானோவுக்கு வருவோம். நானோ என்றதும் ஏதோ எட்டாத சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கோவிட் காலத்தில் மருந்துக்கடையில் வாங்கி மூக்கில் விட்டுப் பார்த்த ஆர்.டி.கே. கருவி நினைவிருக்கிறதா? அவற்றில் பலவற்றில் தோன்றிய அந்தச் சிவப்புக் கோடு, தங்கம். தாலியில் மஞ்சளாக மின்னுகிற அதே தங்கம், சில பத்து நானோமீட்டர் அளவுக்குப் பொடியாகும்போது சிவப்பாகிவிடும். (தலைமுடியின் தடிமன் 80,000 நானோமீட்டர் அளவில் இருக்கும்.) மைக்கேல் ஃபாரடே 1857-இல் தங்கத்தைத் தண்ணீரில் இப்படி மிதக்கவிட்டு, சிவப்புக்குக் காரணம் துகளின் சிறுமைதான் என்று சொன்னார்.

ஏன் சிவப்பு? தங்கத்தில் எந்த அணுவுக்கும் கட்டுப்படாமல் அலையும் எலக்ட்ரான்கள் உண்டு. ஒளி என்பது முன்னும் பின்னும் திசை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மின்புலம். துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறியதாக இருந்தால், அதிலுள்ள அத்தனை அலையும் எலக்ட்ரான்களும் சேர்ந்தாற்போல் ஒரு பக்கம் சாயும், அடுத்த கணம் மறுபக்கம் சாயும். துகளின் அளவுக்கும் வடிவத்துக்கும் பொருந்திய ஒரு நிறம் வரும்போது இந்த ஆட்டம் உச்சத்துக்குப் போகும். 40 நானோமீட்டர் தங்க உருண்டைக்கு அந்த நிறம் பச்சை. பச்சை உள்ளே போய்விட, கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. இதற்கு பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர்.

நமக்கு வேண்டியது நிறமல்ல, அந்த உச்சத்தில் துகளை ஒட்டி உருவாகும் மின்புலம். இரண்டு துகள்கள் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் ஒன்றிரண்டு நானோமீட்டர் இடுக்கு விட்டு நின்றால், விழுகிற ஒளியின் மின்புலம் அந்த இடுக்கில் பல மடங்கு பெருகிக் குவிந்துவிடும். ஆய்வாளர்கள் இதை ஹாட் ஸ்பாட் என்பார்கள். அந்த இடுக்கில் ஒரு டி.என்.டி. மூலக்கூறு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

இங்கே ராமனைக் கூப்பிட வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் கொல்கத்தாவில் செய்த வேலை அது. ராமன் விளைவு என்று பெயர் பெற்ற அதை 1928 பிப்ரவரி 28-இல் கண்டறிந்தார்கள். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பொருளின்மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வருவதில் பெரும்பகுதி அதே நிறத்தில்தான் வரும். ஏறத்தாழ கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் கொஞ்சம் நிறம் மாறி வரும். மூலக்கூறின் பிணைப்புகள் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு வேகத்தில் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்குத் தேவையான ஆற்றலை ஒளித்துகளிடமிருந்து எடுத்துக்கொள்வதால்தான் நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறியது என்று அளந்தால் எந்தப் பிணைப்பு என்று தெரியும். டி.என்.டி.யில் உள்ள நைட்ரோ தொகுதி (ஒரு நைட்ரஜனும் இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தது) 1350-ஐ ஒட்டி ஒரு உயரமான கோடு காட்டும். ஆர்.டி.எக்ஸ். 885 பக்கம் காட்டும். (ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை அலை என்பது இங்கே அலகு.) நாயால் சொல்ல முடியாத பெயரை இந்தக் கோடுகள் சொல்லிவிடும்.

ஆனால் கோடியில் ஒன்று என்பது பரிதாபமான கூலி. நானோகிராம் அளவு பொருளை வைத்துக்கொண்டு அந்த ஒன்றுக்காகக் காத்திருந்தால் பொழுது விடிந்துவிடும். வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. 1974-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர், சொரசொரப்பாக்கிய வெள்ளி மின்முனையில் பிரிடின் என்ற பொருளை வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத அளவுக்குப் பெரிய ராமன் குறிப்பலை (சிக்னல்) வந்தது. சொரசொரப்பால் பரப்பு கூடி, நிறைய மூலக்கூறு ஒட்டியிருக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். நியாயமான கணிப்புதான். 1977-இல் வேறு இரண்டு குழுக்கள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, பரப்பை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது என்று தெரிந்தது. பெருக்கம் லட்சக்கணக்கான மடங்கு. காரணம் நாம் மேலே பார்த்த மின்புலக் குவிப்பு.

அந்தப் பெருக்கத்தின் கணக்கு அழகானது. இடுக்கில் மின்புலம் 10 மடங்கு கூடினால் ராமன் குறிப்பலை 10 மடங்கு கூடுவதில்லை, 10,000 மடங்கு கூடும். உள்ளே போகும் ஒளியும் பெருகுகிறது, மூலக்கூறிலிருந்து வெளியே வரும் ஒளியும் பெருகுகிறது; செறிவு மின்புலத்தின் வர்க்கம் என்பதால் மொத்தத்தில் நான்காம் அடுக்கு. மின்புலம் 100 மடங்கு என்றால் குறிப்பலை 10 கோடி மடங்கு. 1997-இல் இரண்டு குழுக்கள் இந்த முறையில் சாய மூலக்கூறுகளை ஒற்றை ஒற்றையாகவே பார்த்துவிட்டன. இப்போது புரிகிறதா, கோடியில் ஒன்று என்ற கூலி எப்படிக் கட்டுப்படியாகிறது என்று?

இந்த இடுக்குகளை எங்கே உண்டாக்குவது? சிலிக்கான் தகட்டில் எலக்ட்ரான் கற்றையால் செதுக்கலாம், காசு அதிகம். வடிதாளில் தங்கத் துகள்களை மையாக அச்சடிக்கலாம், மலிவு. எனக்குப் பிடித்தது இன்னொன்று. செம்பனைத் தோட்டத்து ஓரக் காட்டில் அந்தி சாய்ந்ததும் காதைக் கிழிக்கிற சில்வண்டு இருக்கிறதே, அதன் இறகில் சுமார் 200 நானோமீட்டர் உயரத்தில் நுண்ணிய தூண்கள் வரிசை வரிசையாக நிற்கும். தண்ணீர் ஒட்டாமல் உருண்டோட அதற்கு இயற்கை கொடுத்த ஏற்பாடு. அந்த இறகின்மேல் வெள்ளியையோ தங்கத்தையோ மெல்லிசாகப் படியவைத்தால் ராமன் பெருக்கத்துக்குத் தகடு தயார். பல ஆய்வகங்கள் செய்து காட்டியிருக்கின்றன.

இதுவரை ஒளியின் கதை. இனிமேல்தான் எரிச்சலான பகுதி. டி.என்.டி.க்குத் தங்கத்தின்மேலோ வெள்ளியின்மேலோ பெரிய ஒட்டுதல் கிடையாது. இடுக்கு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் மூலக்கூறு அங்கே வரவில்லை என்றால் ஒன்றும் நடக்காது. டி.என்.டி.யின் வளையத்தில் மூன்று நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரானை இழுத்து வைத்துக்கொள்வதால் வளையம் எலக்ட்ரான் பற்றாக்குறையில் இருக்கும். எலக்ட்ரான் தாராளமாக உள்ள அமீன் தொகுதியைக் கண்டால் அதனுடன் சேர்ந்துகொள்ளும். ஆகவே தங்கத் துகளின்மேல் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பூசுகிறார்கள். அதன் கந்தக முனை தங்கத்தைப் பிடித்துக்கொள்ள, அமீன் முனை வெளியே நின்று டி.என்.டி.யைப் பிடிக்கும். டி.என்.டி. சேர்ந்ததும் துகள்கள் ஒன்றையொன்று நெருங்கிக் கூடும், இடுக்குகள் தாமாகவே உண்டாகும். பிடிக்கும் வேலையும் பெருக்கும் வேலையும் ஒரே அடியில் முடிகிறது. இந்தத் துறையில் நான் பார்த்த கெட்டிக்காரத்தனங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

டி.என்.டி.யின் அதே எலக்ட்ரான் பசியை வேறு வழியில் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. சில பாலிமர்கள் புற ஊதா ஒளி பட்டால் ஒளிரும். டி.என்.டி. வந்து ஒட்டினால் ஒளிரவேண்டிய எலக்ட்ரானை அது வாங்கிக்கொள்ளும், ஒளி அணைந்துவிடும். தனித்தனி மூலக்கூறுகளாக ஒளிர்ந்தால் ஒரு டி.என்.டி. ஒன்றைத்தான் அணைக்கும், அது கணக்கிலேயே வராது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டிமத்தி ஸ்வேகரின் குழு 1998-இல் இதற்கு ஒரு வழி காட்டியது. ஒளிரும் அலகுகளை ஒரே நீண்ட சங்கிலியாகக் கோத்துவிட்டார்கள். பழைய தோட்டத்து லயத்தில் இருபது வீட்டுக்கும் ஒரே குழாயில் தண்ணீர் வரும். நடுவில் ஒரு இடத்தில் அடைத்தால் ஒருவர் வீட்டில் மட்டும் இல்லை, கடைசி வீடுவரை வறண்டுபோகும். வீட்டுக்கு ஒரு கிணறு இருந்தால் அப்படி ஆகாது. சங்கிலியில் ஆற்றல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டே இருப்பதால், எங்காவது ஒரு டி.என்.டி. உட்கார்ந்தால் அதன் வழியே ஓடிவரும் ஆற்றல் எல்லாம் அங்கே போய்விடும், சங்கிலி முழுதும் மங்கும்.

இதிலும் நானோ அளவுதான் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது. வெறும் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாகப் படிந்துவிடும், டி.என்.டி. நுழைய வழியிருக்காது, ஒளியும் தானாகவே மங்கும். பென்டிப்டிசீன் என்ற முரட்டு வடிவத் தொகுதியை இடையில் வைத்துச் சங்கிலிகளைத் தள்ளி நிறுத்தினார்கள். மூலக்கூறு அளவிலான சந்துகள் கிடைத்தன. படலமும் சில நானோமீட்டர் தடிமனில் இருந்தால்தான் சுறுசுறுப்பாக மங்கியது. தடித்த படலத்தில் டி.என்.டி. உள்ளே ஊறி முடிக்கவே நேரமாகும். இந்த முறையில் உருவான ஃபைடோ என்ற கைக்கருவியை அமெரிக்க ராணுவம் ஈராக்கில் பயன்படுத்தியது. நாய்க்கு வைக்கும் பெயரைக் கருவிக்கு வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஆனால் ஒன்று: டி.ஏ.டி.பி. என்ற பெராக்சைடு வெடிமருந்தில் நைட்ரோ தொகுதியே கிடையாது. எலக்ட்ரான் பசியை நம்பியிருக்கும் படலத்துக்கு அது தெரியவே தெரியாது. எல்லா மருந்துக்கும் ஒரே கருவி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செய்திகளில் "ஒரே மூலக்கூறையும் கண்டுபிடிக்கும் நானோ உணரி" என்று தலைப்பு வரும்போதெல்லாம் நான் தேடுவது வேறொன்றை: அந்த மூலக்கூறு சாவியிலிருந்து உணரிக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஆய்வகத்தில் ஒரு சொட்டுக் கரைசலை நேராகத் தகட்டின்மேல் விடுவார்கள். வெளியில் சொட்டு கிடையாது. நாய் இதில்தான் ஜெயிக்கிறது. மோப்பம் பிடிக்கும்போது அது வெறுமனே மூச்சை இழுப்பதில்லை. நொடிக்குச் சுமார் ஐந்து முறை இழுத்து விடுகிறது. விடும் காற்று பக்கவாட்டில் பின்னோக்கிப் பாய்வதால் முன்னாலிருக்கும் காற்று மூக்கை நோக்கி இழுபடுகிறது. அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனத்தில் 2016-இல் லாப்ரடார் நாயின் மூக்கு வடிவத்தை முப்பரிமாண அச்சில் செய்து ஒரு வழக்கமான கருவியின் முன்னால் பொருத்தி, அதேபோல் மூச்சு விடவைத்தார்கள். உள்ளே இருந்த உணரியை மாற்றவில்லை. ஆனாலும் கண்டறியும் திறன் பத்து மடங்குக்கும் மேல் கூடியது.

நம்மூருக்கு என்று தனித் தொல்லைகளும் உண்டு. வெள்ளி, தங்கத்தைவிட நன்றாகப் பெருக்கும், விலையும் குறைவு. ஆனால் கந்தகம் பட்டால் கறுத்துவிடும். செம்பனை ஆலையின் கழிவுநீர்க் குளத்திலிருந்து கிளம்பும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும். அந்த நாற்றத்தை நான் விவரிக்கத் தேவையில்லை. கொலுசையே கறுக்க வைக்கும் காற்றில், சில நானோமீட்டர் வெள்ளி முனைகள் எத்தனை நாள் தாங்கும்? ஈரப்பதமும் அப்படித்தான். காற்றில் உள்ள நீர் மூலக்கூறுகள் பிடிமான இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடும்.

பெரிய குழப்பம் உரம். எங்கள் பக்கத்து லயத்தில் உரம் போடும் வேலை செய்யும் அக்கா ஒருவர் திருச்சிக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் கைப்பையைத் துடைத்த துண்டு கருவியை அலற வைத்துவிட்டது. தனியாக அழைத்துப் போய் மறுபடி சோதித்து, பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் முதல் கேள்வி: "தம்பி, நான் என்ன குண்டா வெச்சிருந்தேன்? மூணு பேரு சுத்தி நின்னுட்டாங்க!"

அக்காவின் கோபம் நியாயம்தான், ஆனால் கருவி பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் போடும் கலப்பு உரங்கள் சிலவற்றில் நைட்ரேட் இருக்கிறது. குவாரியில் இன்று அதிகம் பயன்படும் வெடிமருந்துகளின் அடிப்படையும் அம்மோனியம் நைட்ரேட்தான். ராமன் கருவியில் வைத்தாலும் நைட்ரேட் 1050-ஐ ஒட்டி ஒரே கோட்டைத்தான் காட்டும். உரச்சாக்கிலிருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது. அதை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது மனிதர்கள். அப்படி அலறினால் பதறாமல், தோட்டத்தில் உரம் போடும் வேலை, இந்தப் பையைத்தான் வேலைக்கும் கொண்டுபோவேன் என்று சொல்லிவிடுவது நல்லது. ஜி.டி.என். மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அப்படியே.

பொய் சொன்ன கருவியும் உண்டு, அதுவும் நமக்குப் பக்கத்திலேயே. பேராக்கின் வடக்கு எல்லையைத் தாண்டினால் தென் தாய்லாந்து. அங்கே ராணுவத்தினர் ஜி.டி.200 என்ற கைக்கருவியைப் பல ஆண்டுகள் நம்பி வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் சுழலும் ஒரு ஆன்டெனா. மின்கலம்கூட வேண்டாம் என்பது விற்பனைப் பேச்சு. 2010-இல் தாய்லாந்து அரசு நான்கு பெட்டிகளில் ஒன்றில் வெடிமருந்தை ஒளித்துவைத்துச் சோதித்தபோது 20 முறையில் 4 முறைதான் சரியாகக் காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெட்டியைத் தொட்டாலும் சராசரியாக 5 முறை சரியாக வரும். 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் அதை விற்றவரைச் சிறைக்கு அனுப்பியது. அந்தக் கருவிக்குள் மூலக்கூறு நுழையவும் வழியில்லை, நுழைந்தால் மாறுவதற்கும் உள்ளே எதுவுமில்லை.

உண்மையான கருவிகளில், கைக்கு அடக்கமான ராமன் கருவிகள் ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. கண்ணாடிப் புட்டிக்குள் இருக்கும் பொடியை மூடியைத் திறக்காமலே சில நொடியில் பெயர் சொல்லும். ஆனால் பொடி கண்ணுக்குத் தெரிகிற அளவாவது இருக்க வேண்டும். நானோ தகட்டோடு சேர்த்து, சாவியில் ஒட்டிய அளவு சுவட்டைப் பிடிப்பதுதான் இன்னும் தடுமாறுகிறது. முக்கியக் காரணம் சலிப்பூட்டும் ஒன்று, சீர்மை. இடுக்கு 1 நானோமீட்டரா 2 நானோமீட்டரா என்பதைப் பொறுத்துக் குறிப்பலை பெரிதும் மாறிவிடும்; அந்த நான்காம் அடுக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது. ஒரே தொகுப்பில் செய்த இரண்டு தகடுகளே ஒரே அளவு மருந்துக்கு வேறு வேறு உயரக் கோடு காட்டினால், அதிகாரி எந்த உயரத்தில் அலாரம் வைப்பார்? தகடு செய்கிறவர்கள் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இதனோடுதான்.